பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தமிழ் வரவில்லை, கன்னடம் மட்டும் வருகிறது. இது எப்படி?

அம்மாபேட்டை தறி:

வணக்கம். எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. சேலம் அம்மாபேட்டையில் நாற்பது வருடத்துக்கு மேல் தறி ஓட்டியவர், வெண்பட்டு வேட்டி. நாங்கள் தேவாங்கர், வீட்டுப் பேச்சு கன்னடம். பெங்களூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கிற கன்னடம், பாதி தமிழ் கலந்தது, எழுதப் படிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா படித்தது தமிழ், பேப்பர் தமிழ், கூலிக் கணக்கு தமிழ், டீக்கடை அரசியல் தமிழ். அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் மட்டும்தான் கன்னடம்.

ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம், வலது கை, வலது கால். கால் பரவாயில்லை, குச்சி ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் பிரச்சினை. முதல் பத்து நாள் சத்தமே இல்லை, அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக வர ஆரம்பித்தது, எல்லாம் கன்னடம். நீரு, பா, ஹாலு, இப்படி. தமிழில் கேட்டால் புரிகிறது, தலையாட்டுகிறார், ஆனால் பதில் கன்னடத்தில் அரை வார்த்தை, இல்லையென்றால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தமிழில் வருவது மூன்றே மூன்றுதான். "ஆமா" ஒன்று. ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக எண்ணுவார், ஆனால் "பேரன் எத்தனை பேர்?" என்றால் வராது. மூன்றாவது ஒரு கெட்ட வார்த்தை, அது மட்டும் அழுத்தம் திருத்தமாக வருகிறது, பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

என் மனைவிக்கு ஆத்தூர் பக்கம், கன்னடம் தெரியாது. எனக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. போன வாரம் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். இன்னொரு கரண்டி வைக்கப் போனபோது அப்பா கையைத் தட்டிவிட்டு "சாகு, சாகு" என்றாராம். இவள் அதைச் சாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எங்கள் பேச்சில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். ராத்திரி போனில் அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்று. மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். பூட்டுப் படத்துக்கு அப்பா "பீகா" என்றார். ரிப்போர்ட்டில் 'அர்த்தமில்லாத சொல்' என்று எழுதியிருக்கிறார்கள். கன்னடத்தில் பீகா என்றால் பூட்டுதானே!

கேள்வி இரண்டு. அப்பாவின் தமிழ் அழிந்தேவிட்டதா? வீட்டில் நாங்கள் எந்த மொழியில் பேசுவது? ஒரே மொழியில் பேசுங்கள், இல்லையென்றால் குழம்பிவிடுவார் என்கிறார்கள். அந்த ஒரே மொழி எது என்று யாரும் சொல்லவில்லை.

லீ பஜார் வியாபாரி:

தம்பி, கவலைப்படாதீங்க. எங்க மாமாவுக்கும் இதே மாதிரி வந்தது. நாங்கள் தெலுங்கு. தெரிந்தவர் ஒருத்தர் சொன்னார், தமிழ் மட்டும் பேசுங்கள் என்று. கண்டிப்பாக அப்படியே வைத்தோம், ஆறு மாதத்தில் கடைக்கு வந்து பில் போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். அடிபட்ட மூளை தம்பி, அதில் ரெண்டு மொழியைப் போட்டுக் கிண்டக் கூடாது. ஊர் தமிழ்நாடு, தமிழையே பிடியுங்கள், கன்னடத்தைக் கொஞ்ச நாளைக்கு ஓரங்கட்டுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

சொல்தேடி:

பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில், சேலம்தான். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கவனித்து எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்தப் பூட்டு. அதைச் சும்மா விடாதீர்கள். பூட்டைப் பார்த்துப் பூட்டின் பெயரைச் சரியாகச் சொன்ன மனுஷனுக்குத் தப்பு போட்டிருக்கிறார்கள். மார்க் போனது பெரிதில்லை. இல்லாத சொற்களை உருவாக்கிப் பேசுவது ஒரு வகை பேச்சிழப்பின் அடையாளம், புரிந்துகொள்ளும் பகுதி அடிபட்டால் வருவது, 1874இல் வெர்னிக்கெ என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த வகை. அந்தப் பெட்டியில் அப்பாவைத் தவறாகப் போட்டுவிட்டால் பயிற்சியே திசைமாறிவிடும். அடுத்த முறை அம்மாவைக் கூடவே உட்கார வையுங்கள், ஒவ்வொரு பதிலும் கன்னடத்தில் சரியா என்று அவர் சொல்லட்டும். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது, கன்னடத்தில் இதற்கான சோதனைகளையே அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். போக முடிந்தால் நல்லது, ஆனால் அங்கேயும் அம்மா வேண்டும், உங்கள் வீட்டுக் கன்னடம் அவர்களுக்கே கொஞ்சம் புதிதாக இருக்கும்.

வலது கையும் பேச்சும் ஏன் சேர்ந்து போயின? வலது கையை ஆட்டுவது இடப்பக்க மூளை, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அதே பக்கம்தான், இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது ஒரே குழாயின் கிளைகள். அது அடைத்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

கெட்ட வார்த்தைக்கு வெட்கப்படாதீர்கள், அதற்குப் பெரிய பரம்பரையே உண்டு. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்று ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஓசைதான் வரும், கேட்பவருக்குப் புரியவில்லை என்று கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கு மூளையின் முன்பக்கம் முக்கியம் என்று புரோக்கா சொன்னார், அதுவும் இடது பக்கம் என்பதை இன்னும் பலரைப் பார்த்த பிறகு சொன்னார். யோசித்துக் கோத்துப் பேசுவது ஒரு வழி. வாய்ப்பழக்கமாகக் கொட்டுவது வேறு வழி, வசவு, வரிசை எண், சாமி பாட்டு எல்லாம் அதில் வரும். முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது பல பேருக்குத் தப்பித்துவிடும். ஒன்றிலிருந்து இருபது வரை ஓடுவதும், பேரன் எண்ணிக்கை வராததும் இதனால்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தமிழ் அழிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. தமிழில் கேட்டால் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அழிந்த மொழி எப்படிப் புரியும்? மூளையில் தமிழுக்கு ஒரு அறை, கன்னடத்துக்கு ஒரு அறை என்று சுவர் கிடையாது, இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பின்னிக்கிடக்கின்றன. இருமொழிக்காரர் ஒன்றைப் பேசும்போது மற்றதும் உள்ளே விழித்துத்தான் இருக்கும், அதை அமுக்கிவைக்கிற வேலையை முன்மூளையும், ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதியும் பார்க்கின்றன. உங்களுக்குத் தறி தெரியும், அதனால் இப்படிச் சொல்கிறேன்: பாவு நூல் அறுந்தால் ஒரு கதை, நூல் முழுசாக இருந்தும் அதைத் தூக்கிக் கொடுக்கிற ஜக்கார்டு பெட்டி தூக்காமல் டிசைன் விழாமல் போனால் அது வேறு கதை. அப்பாவுக்கு இரண்டாவதாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி மொராக்கோவில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி. தாய்மொழி பிரெஞ்சு, வேலைக்கு அரபி. தலையில் அடிபட்ட பிறகு ஒரு நாள் அரபி வரும், பிரெஞ்சு திணறும், இன்னொரு நாள் அப்படியே தலைகீழ். 1982இல் மிஷேல் பாரடி என்ற மொழி ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் இதை எழுதினார்கள். ஒரு மொழியில் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாத நாளில்கூட, அந்த மொழிக்கு மொழிபெயர்க்கச் சொன்னால் செய்தாராம். மொழி எங்கேயும் போகவில்லை, திறப்பதுதான் தகராறு.

ஏன் கன்னடம் முதலில் வந்தது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற விதி இல்லை. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ரிபோ 1881இல் முதலில் கற்றது கடைசிவரை நிற்கும் என்றார். அதே நாட்டு மருத்துவர் பீத்ர் 1895இல் இல்லை, நோய் வரும்போது அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்றார். இரண்டுக்கும் ஆள் காட்டலாம், இரண்டுக்கும் எதிராகவும் காட்டலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மொழியும் ஏறக்குறைய சேர்ந்தேதான் திரும்புகின்றன, உங்கள் அப்பா மாதிரி ஒன்று முந்துவது குறைவு. ஏழு வாரம் ரொம்பச் சீக்கிரம். நாளும் பக்கத்தில் இருப்பது அம்மா, அவர் பேசுவது கன்னடம், அதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த மொழியில் பேசுவது? வருகிற மொழியில். கன்னடத்தில் ஒரு வார்த்தை வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை வளருங்கள், அப்படியே "ஆமாப்பா, போதும்" என்று தமிழையும் பக்கத்தில் வையுங்கள், ஆனால் "தமிழில் சொல்லுங்க" என்று நிறுத்தாதீர்கள். ஒரு மொழியில் கொடுக்கிற பயிற்சி சில பேருக்கு மற்றதிலும் பலன் தருகிறது. ஒரு மொழியைத் தடை செய்தால் நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை.

லீ பஜார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் சில மாதங்களில் மூளை தானாகவே நிறையத் தேறும், எந்த மொழியில் பேசியிருந்தாலும் உங்கள் மாமா தேறியிருக்கலாம். அதோடு இரண்டு மொழி மூளைக்குப் பாரம் என்பதே சரியில்லை. ஹைதராபாத்தில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள், சுவர்ணா அல்லாடி குழு. பக்கவாதத்துக்குப் பிறகு அறிவாற்றல் வழக்கம்போல இருந்தவர்கள் ஒருமொழிக்காரர்களில் 19.6 சதவீதம், இருமொழிக்காரர்களில் 40.5. ஆனால் பேச்சிழப்பு மட்டும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதிலிருந்து இரண்டு மொழியும் யாரையும் காப்பாற்றவில்லை. இந்த இருமொழி நன்மை பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதனால் அதை நான் பெரிதாக ஊதவில்லை. பாரம் இல்லை என்பது வரை சொல்கிறேன்.

லீ பஜார் வியாபாரி:

கோபமெல்லாம் இல்லைங்க அம்மா. நீங்கள் சொன்னதும் வீட்டில் கேட்டேன். எங்க அத்தை இப்போதுதான் உண்மையைச் சொல்கிறார்கள், நாங்கள் கடைக்குக் கிளம்பியதும் அவர்கள் ரெண்டு பேரும் பகல் முழுக்கத் தெலுங்கில்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். "நீங்க போட்ட சட்டத்தை யார் மதிச்சா" என்கிறார்கள். சரி, என் அனுபவத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சேர்வராயன் காப்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் என் பிரச்சினையும் இதே வாக்கியம்தான், "ஒரே மொழியில் பேசுங்கள்". நாங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கிறோம். நான் தமிழ், அவர் மலையாளம், பெண்ணுக்கு இரண்டரை வயது. என்னிடம் தமிழ், அப்பாவிடம் மலையாளம், ஒரே வாக்கியத்தில் ரெண்டையும் கலந்து விடுகிறாள். பள்ளியில் சேர்க்கக் கேட்கப் போனால் பேச்சு கம்மியாக இருக்கிறது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். எங்கள் இங்கிலீஷ் காப்பிக்கொட்டை எடை போடத்தான் போதும். அதை வைத்து ஒரு குழந்தையை எப்படிக் கொஞ்சுவது?

சொல்தேடி:

கொஞ்ச முடியாத மொழியில் குழந்தை பேசக் கற்காது, அதனால் அதைச் செய்யாதீர்கள். அவள் சொற்களை எண்ணும்போது தமிழும் மலையாளமும் சேர்த்து எண்ணுங்கள், தனித்தனியாக எண்ணினால் எல்லா இருமொழிக் குழந்தையும் பின்தங்கின மாதிரிதான் தெரியும். கலந்து பேசுவது கோளாறு இல்லை, நாம் எல்லாரும் செய்வதுதான். உண்மையான மொழிக் கோளாறு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும், ஒன்றில் நன்றாகவும் மற்றதில் மோசமாகவும் இருக்காது. கலந்தாவது இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாளா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்குக் காதில் நீர் கோத்திருந்தே பேச்சு தாமதமாவதைப் பார்த்திருக்கிறேன், ஏற்காட்டுக் குளிரைக் கேட்கவே வேண்டாம்.

இங்கிலீஷ் பள்ளிக்குப் போனதும் வந்துவிடும். வெர்கர், டீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1984இல் ஒன்று காட்டினார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைகூட இந்தியில் இருக்கும் த, ட வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது, அதைக் கேட்காமலே வளர்ந்தால் பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தக் காது மந்தமாகிவிடுகிறது. உங்கள் பெண்ணுக்குத் த, ட, ழ எல்லாம் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இடதுகை டைப்பிங்:

எனக்கும் பக்கவாதம். 3 வருடம் ஆச்சு. உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு. இதை எழுத ஒரு மணி நேரம். தப்பு இருந்தால் பொறுக்கவும்.

உள்ளே எல்லாம் இருக்கும். பேரனைத் தெரியும், பேரன் பெயர் தெரியும், வாய்க்கு வேறு பெயர் வரும். வந்ததும் தப்பு என்று நமக்கே கேட்கும். அதுதான் கொடுமை.

கத்திப் பேசாதீர்கள். காது நன்றாக இருக்கிறது. நான் முடிப்பதற்குள் நீங்கள் முடிக்காதீர்கள், பத்து விநாடி பொறுங்கள். "காப்பியா டீயா" என்று கேளுங்கள், "என்ன வேணும்" என்று கேட்காதீர்கள். டிவியை அணையுங்கள். சாயந்திரம் சோர்ந்துவிடும், காலையில் பேசுங்கள்.

எனக்கு முதலில் வந்தது தமிழ். தெலுங்கு அப்புறம். உங்க அப்பாவுக்கு மாறி. அவ்வளவுதான்.

வாய் கோணல், கை தொங்கல், பேச்சு குழறல், எது வந்தாலும் நேரம் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. நான் படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று படுத்தேன்.

அம்மாபேட்டை தறி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாக நன்றி, உங்கள் பதிலை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

சாமி பாட்டு என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். எங்கள் சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் கத்தி போடும்போது, அதாவது கத்தியால் மார்பில் அடித்துக்கொண்டு அம்மனை அழைக்கும்போது, "வேசுக்கோ தாயே, தீசுக்கோ தாயே" என்று கத்திக்கொண்டு போவோம். அது தெலுங்கு. அப்பாவுக்கு இதைத் தவிர தெலுங்கில் ஒரு வரி தெரியாது. நான் "வேசுக்கோ" என்று ஆரம்பித்ததும் மிச்சத்தை அவரே முழங்கினார், பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு. முடித்துவிட்டு, எங்கே நிறுத்தினோம் என்று தெரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

சொல்தேடி:

அருமை, ஆனால் அதையே முழு நாளும் முழங்க வைக்காதீர்கள், பேச்சு வந்துவிட்டதாக வீட்டில் எல்லாரும் ஏமாந்துபோவோம். ராகத்தோடு வருவதை மெல்ல மெல்லப் பேச்சாக மாற்றுகிற ஒரு பயிற்சி முறை 1973இலிருந்தே இருக்கிறது, எல்லாருக்கும் பலிக்காது. பயிற்சியாளரிடம் இந்த அம்மன் கோஷத்தைச் சொல்லுங்கள். "நீரு பேகு" (தண்ணீர் வேணும்) போன்ற தினமும் தேவைப்படுகிற ஒரு சொற்றொடரை அதே தாளத்தில், இடது கையால் தட்டிக்கொண்டே பழக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

அம்மாபேட்டை தறி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ரிப்போர்ட்டைத் திருத்தச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். இப்போது பயிற்சிக்கு அம்மா கூடப் போகிறார், டீச்சரம்மாவையே திருத்துகிறாராம்.

மனைவி ஒரு நோட்டில் நாற்பது கன்னட வார்த்தையைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள், முதல் வரி 'சாகு'. பையன் அதைப் பார்த்துவிட்டு, பால் ஹாலு, பல் ஹல்லு, போ என்றால் ஹோகு, ப எல்லாம் ஹ ஆகுதுப்பா என்று அவனே கண்டுபிடித்து, பாட்டியை ஹாட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகிறான். முப்பத்தெட்டு வயதில் நானும் அப்பாவிடம் கன்னடத்தில் பேசுகிறேன். நான் வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டால் அப்பாவுக்குச் சிரிப்பு வருகிறது, திருத்த வாயெடுக்கிறார், பாதி நேரம் அந்தத் திருத்தம் வந்தும்விடுகிறது.

தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டுகிறது. "வா", "வேண்டாம்", "மழை". நேற்று தெருமுனையிலிருந்து தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு போனேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், கன்னடத்தில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, விரலைத் தூக்கி, "காரம்... காரம் கம்மி" என்றார். மருமகள் உள்ளேயிருந்து மிளகாய்ச் சட்னியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.